பட்டா என்ற டேபிளும் பட்டும் என்ற கிளாஸும்: ஒரே டேட்டாபேஸ் மேல் மூன்று ஓஆர்எம் வைத்த அனுபவம்

நில ஆவணங்களைச் சரிபார்க்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தின் மென்பொருள். ரெயில்ஸ் 4 காலத்தில் எழுதி 5.2 வரை ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள், பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். டேட்டாபேஸைத் தொடாமல் ரிப்போர்ட் பகுதியை ஜாங்கோவிலும், வெளியே விவரம் கொடுக்கும் ஒரு சின்ன சர்வீஸை ஸ்பிரிங் பூட்டிலும் எழுத வேண்டும், ரெயில்ஸும் கூடவே ஓடிக்கொண்டிருக்கும். மூன்றும் வெப் ஆப் எழுதும் கட்டமைப்புகள், கிளாஸ்களை டேபிள்களோடு பொருத்தும் லைப்ரரி, அதாவது ஓஆர்எம், ஒவ்வொன்றுக்கும் தனி. ஆக ஒரே டேபிள்களை மூன்று ஓஆர்எம் பார்க்கப் போகின்றன. கிளாஸ் பெயரிலிருந்து டேபிள் பெயரை ஒவ்வொன்றும் தன் இஷ்டப்படி உருவாக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தப் பெயர் எவ்வளவு ஆழம் வரை இறங்குகிறது என்பது இப்படி ஒரு வேலையில்தான் கண்ணுக்குத் தெரியும். கிளாஸ், டேபிள் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன், ஆங்கிலத்தில் கேப்பிட்டல் எங்கே வருகிறது என்பது முக்கியமான இடங்களில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் டேபிள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். 'பீப்பிள்', 'வில்லேஜஸ்', 'அடங்கல்ஸ்', 'யூசர்ஸ்' எல்லாம் எதிர்பார்த்தபடி பன்மையில் இருந்தன. 'பட்டா', 'சிட்டா' இரண்டு மட்டும் எஸ் இல்லாமல் நின்றன. சரி, யாரோ கையால் பெயர் வைத்திருப்பார்கள் என்று மாடல் ஃபோல்டரைத் திறந்தால் பட்டா என்ற கிளாஸே இல்லை. அந்த இடத்தில் 'பட்டும்' என்று ஒரு கிளாஸ், பக்கத்தில் 'சிட்டும்' என்று இன்னொன்று. அதாவது ஆங்கில எழுத்தில் பட்டாவின் கடைசி ஏ போய், யூ எம் ஏறியிருந்தது. டேபிள் பெயர் எதுவும் கிளாஸுக்குள் எழுதப்படவில்லை, எல்லாம் தானாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

காரணம் ரெயில்ஸின் இன்ஃப்ளெக்டர், சொற்களை ஒருமை பன்மையாக்கும் பகுதி. ரெயில்ஸ் டேபிள் பெயரை எடுக்கும் வழி இதுதான்: கிளாஸ் பெயரின் மாட்யூல் பகுதியைக் கழற்றும், கேப்பிட்டல் வரும் இடங்களில் அண்டர்ஸ்கோர் போட்டு எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும், கடைசியில் பன்மையாக்கும். அந்தப் பன்மையாக்கலுக்கு அகராதி எதுவும் கிடையாது, எழுத்துகளின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் வரிசை ஒன்றுதான், கடைசியாகச் சேர்த்த விதியை முதலில் பார்க்கும். பெர்சன் என்றால் பீப்பிள், சைல்ட் என்றால் சில்ட்ரன் என்பதெல்லாம் தனியாக எழுதி வைத்த விதிவிலக்குகள், அந்தச் சின்னப் பட்டியலில் ஸோம்பி கூட இருக்கிறது. ரைஸ், ஃபிஷ், ஷீப், மனி, போலீஸ் மாதிரி சில சொற்களுக்கு ஒருமை பன்மை இரண்டும் ஒன்றே. மீதி எல்லாம் சொல் எந்த எழுத்தில் முடிகிறது என்பதை வைத்து நடக்கிற ஊகம்.

அந்த விதிகளில் ஒன்று லத்தீன் சொற்களுக்கானது. டேட்டம் என்றால் டேட்டா, மீடியம் என்றால் மீடியா. ஆகவே டி அல்லது ஐ எழுத்துக்குப் பின் ஏ வந்து முடிகிற எந்தச் சொல்லையும் அது ஏற்கனவே பன்மை என்று எடுத்துக்கொள்ளும், ஒருமையாக்கச் சொன்னால் ஏவை எடுத்துவிட்டு யூ எம் போடும். பட்டா, சிட்டா இரண்டும் டி ஏ என்று முடிகின்றன. ஆக இன்ஃப்ளெக்டர் பார்வையில் பட்டா என்பது ஒரு பன்மைச் சொல், அதன் ஒருமை பட்டும். அடங்கல் எல் எழுத்தில் முடிவதால் எஸ் சேர்ந்து அடங்கல்ஸ் ஆகிவிட்டது, ஃபிர்கா கே ஏ என்று முடிவதால் ஃபிர்காஸ்.

புது ரெயில்ஸ் ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து மாடல் ஜெனரேட்டரில் பட்டா என்று கொடுத்துப் பார்த்தேன். கொடுத்த பெயர் பன்மையாகத் தெரிகிறது, ஒருமையான பட்டும் என்பதை எடுத்துக்கொள்கிறேன், வேண்டாம் என்றால் ஃபோர்ஸ் ப்ளூரல் போடு என்று ஒரே ஒரு எச்சரிக்கை வரி, அதற்குப் பின் ஃபைல்கள் மளமளவென்று உருவாகிவிடுகின்றன. அந்த வரி டெர்மினலில் மேலே ஓடிப் போய்விடும். முதலில் எழுதியவர் இதைத்தான் சந்தித்திருக்க வேண்டும், பின் அதோடு ஒத்துப் போயிருக்கிறார். ஒத்துப் போனதும் எல்லாம் அழகாகப் பொருந்திவிடுகிறது என்பதுதான் இதில் விசேஷம். பட்டும் கிளாஸின் பன்மை பட்டா, டேபிள் பட்டா, பெர்சன் கிளாஸில் 'பட்டா' என்று உறவு எழுதினால் அதை ஒருமையாக்கிப் பட்டும் கிளாஸைத் தேடும், கிடைத்துவிடும். உள்ளே இருக்கும் வரை ஒரு குறையும் இல்லை. வெளியிலிருந்து இன்னொரு லைப்ரரி வந்து பார்க்கும்போதுதான் கதை மாறுகிறது.

ஜாங்கோ பக்கம் போவோம். ஜாங்கோ பன்மைக்கே போவதில்லை. ஆப் பெயர், ஓர் அண்டர்ஸ்கோர், பின் கிளாஸ் பெயர் முழுதும் சின்ன எழுத்தில், அவ்வளவுதான். சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் கூடக் கிடையாது. எங்கள் ஆப் பெயர் நிலம் என்பதால் பட்டா கிளாஸுக்கு அது தானாகத் தேடுவது 'நிலம்_பட்டா'. படிக்க அழகில்லை என்று பலர் சொல்வார்கள், ஆனால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், ஏனென்றால் இதில் ஊகமே இல்லை, கிளாஸ் பெயரைப் பார்த்தால் டேபிள் பெயர் என்ன என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடலாம்.

இருக்கிற டேட்டாபேஸுக்கு ஜாங்கோவில் இன்ஸ்பெக்ட்டிபி என்ற கமாண்ட் இருக்கிறது. அது டேபிள்களைப் படித்து மாடல் கிளாஸ்களை எழுதிக் கொடுக்கும், ஒவ்வொன்றிலும் மெட்டாவுக்குள் டிபி_டேபிள் என்று உண்மையான டேபிள் பெயரையும், மேனேஜ்டு ஃபால்ஸ் என்றும் போட்டே தரும். இந்த இரண்டாவது வரியை யாரும் அழகுக்காகக் கூட எடுத்துவிடக் கூடாது, அது இருக்கும் வரை மைக்ரேஷன் அந்த டேபிளை உருவாக்கவோ மாற்றவோ போகாது. கிளாஸ் பெயர் பீப்பிள் என்று வந்திருந்தது, பெர்சன் என்று மாற்றினேன், எதுவும் உடையவில்லை, பெயர் டிபி_டேபிளில் எழுத்தாகவே இருக்கிறதே.

இன்ஸ்பெக்ட்டிபி ஒன்றை மட்டும் சரியாகக் கொடுக்கவில்லை. ஒரு டேபிளின் வரி இன்னொரு டேபிளின் வரியைக் குறிக்கிறது என்று டேட்டாபேஸே காக்கும் விதிதான் ஃபாரின் கீ கட்டுப்பாடு. ரெயில்ஸ் 4.2 வரும் வரை அது ரெயில்ஸோடு சேர்ந்தே வரவில்லை, தனி ஜெம் (கூடுதல் லைப்ரரி) போட வேண்டும் அல்லது கையால் எஸ்கியூஎல் எழுத வேண்டும். ஆகவே பழைய டேபிள்களில் உறவு என்பது வெறும் நம்பர் காலம்தான், அதாவது நம்பர் மட்டும் இருக்கும் ஒரு நெடுவரிசை, இன்ஸ்பெக்ட்டிபியும் அதை வெறும் நம்பர் ஃபீல்டாகவே கொடுத்தது. அந்த நெடுவரிசையின் பெயர் என்ன தெரியுமா, 'பட்டும்_ஐடி'. கிளாஸ் பெயர் பட்டும் என்றால் ஃபாரின் கீ பட்டும்_ஐடி என்பது ரெயில்ஸின் அடுத்த ஊகம். உரிமையாளர்களையும் பட்டாவையும் இணைக்கும் டேபிள் 'பட்டா_பீப்பிள்', இரண்டு டேபிள் பெயர்களையும் அகர வரிசையில் ஒட்டியது, அதற்குள்ளும் பட்டும்_ஐடி, பெர்சன்_ஐடி. ஜாங்கோ தானாக உருவாக்கும் இணைப்பு டேபிளில் தனி ஐடி காலம் இருக்கும், இதில் அது இல்லை. ரிப்போர்ட் படிக்க மட்டும்தான் என்பதால் அது எங்களுக்கு இடைஞ்சலாகவில்லை. ஜாங்கோ கோடில் கிளாஸுக்குப் பட்டா என்றே பெயர் வைத்து, ஃபாரின் கீ ஃபீல்டுகளில் டிபி_காலம் என்று பட்டும்_ஐடியை எழுதினேன்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் கேள்வி, ரெயில்ஸ் பக்கமே பட்டும் என்பதைப் பட்டா என்று மாற்றிவிடலாமே என்பது. டேட்டாபேஸின் நகல் ஒன்றை எடுத்து அதில் செய்து பார்த்தோம், மூன்று விதமாக உடைந்தது, ஒவ்வொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்ஃப்ளெக்ஷன் ஃபைலில் பட்டாவின் பன்மை பட்டாஸ் என்று இர்ரெகுலர் விதி சேர்த்து, கிளாஸையும் பட்டா என்று மாற்றினால், ரெயில்ஸ் 'பட்டாஸ்' என்ற டேபிளைத் தேடப் போகிறது, அப்படி ஒன்று இல்லை. பன்மை விதியைத் திருத்துவது ஏதோ எழுத்துப்பிழை திருத்துவது போலத் தெரிந்தாலும் அது டேபிள் பெயரையே மாற்றும் வேலை. இதனால்தான் ரெயில்ஸ் குழுவே தங்கள் இன்ஃப்ளெக்டரில் புது விதித் திருத்தங்களை ஏற்பதில்லை என்று ஆவணத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள், தவறான பன்மையை நம்பி ஓடும் பழைய ஆப்கள் உடைந்துவிடும் என்பதால். அது முழுக்க நியாயமான முடிவு.

சரி, அன்கவுண்டபிள் என்று சேர்த்தால்? பட்டாவுக்கு ஒருமையும் பன்மையும் பட்டாவே. டேபிள் கிடைத்தது, ஆனால் ஃபாரின் கீ இப்போது பட்டா_ஐடி என்று தேடப்பட்டது, காலம் இல்லை என்று எரர். இது பரவாயில்லை, எரர் வந்தால் ஒவ்வொரு உறவிலும் ஃபாரின் கீ பெயரை எழுதிச் சரி செய்துவிடலாம்.

மூன்றாவதுதான் ஆபத்தானது, ஏனென்றால் எரரே வரவில்லை. பட்டாவின் ஸ்கேன் ஃபைல்கள், ரெயில்ஸின் ஃபைல் இணைக்கும் பகுதியான ஆக்டிவ் ஸ்டோரேஜில் இணைக்கப்பட்டிருந்தன. அந்த இணைப்பு டேபிளில் ரெக்கார்டு_டைப் என்று ஒரு காலம், அதில் ஒவ்வொரு வரியிலும் கிளாஸ் பெயர் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது: 'பட்டும்', 'பட்டும்', 'பட்டும்' என்று கீழே வரை. கிளாஸ் பெயர் மாறியதும் ரெயில்ஸ் 'பட்டா' என்று இருக்கும் வரிகளைத் தேடியது, ஒன்றும் இல்லை, எனவே ஃபைல் எதுவும் இணைக்கப்படவில்லை என்று அமைதியாகக் காட்டியது. டெஸ்ட் டேட்டாவில் இது தெரியவே தெரியாது, அங்கே எல்லாம் புதிதாக உருவாகிற வரிகள். பழைய டேட்டா மேல் ஓட்டினால்தான் தெரியும். பாலிமார்ஃபிக் உறவு, அதாவது பல கிளாஸ்களோடு சேரக்கூடிய உறவு, எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் இதே கதைதான். ஜாங்கோவிலும் கன்டென்ட் டைப் டேபிளில் மாடல் பெயர் இப்படிச் சேமிக்கப்படுகிறது, ஆகவே ரெயில்ஸை மட்டும் குறை சொல்ல முடியாது.

எனவே ரெயில்ஸில் கிளாஸ் பட்டும் ஆகவே இருக்கட்டும் என்று முடிவு. ஆனால் எல்லா மாடலிலும் டேபிள் பெயரை வெளிப்படையாக எழுதிவிட்டோம், சரியாகவே ஊகிக்கப்படும் பெயர்களுக்கும் கூட. இதற்கு அலுவலகத்தில் கொஞ்சம் எதிர்ப்பு இருந்தது, ரெயில்ஸின் வழக்கத்தையே விட்டுவிடுகிறோம் என்று. வழக்கம் என்பது டேபிள் பிறக்கும்போது பெயர் யோசிக்கும் வேலையை மிச்சப்படுத்தத்தான். பிறந்து, உள்ளே டேட்டா ஏறிய பிறகு, அந்தப் பெயரைத் தினமும் புதிதாக ஊகித்துக்கொண்டிருப்பதில் எந்த லாபமும் இல்லை.

அப்புறம் ஸ்பிரிங் பூட். இங்கே ஊகம் இரண்டு அடுக்கு. ஸ்பிரிங் பூட் பயன்படுத்தும் ஓஆர்எம்மான ஹைபர்னேட்டில், 5 முதல் இம்ப்ளிசிட், ஃபிசிகல் என்று இரண்டு பெயரிடும் உத்திகள். பெயர் எழுதாவிட்டால் என்ன பெயர் என்பதை முதலாவது சொல்லும், அப்படிக் கிடைத்த பெயரையோ நாம் எழுதிய பெயரையோ கடைசியில் எப்படி டேட்டாபேஸுக்கு அனுப்புவது என்பதை இரண்டாவது சொல்லும். அந்த 'நாம் எழுதிய பெயரையோ' என்பதுதான் பலரை மாட்டிவிடும் இடம். ஸ்பிரிங் பூட் இயல்பாகப் போடும் ஃபிசிகல் உத்தி, டேபிள் அனோட்டேஷனில், அதாவது கிளாஸின் மேல் போடும் குறிப்பில், நாமே கையால் எழுதிய பெயரையும் அண்டர்ஸ்கோர் போட்டுச் சின்ன எழுத்தாக்கிவிடும்.

எங்களிடம் அப்படி ஒரு டேபிள் இருந்தது. டாட்நெட்டில் எழுதப்பட்ட ஓர் இறக்குமதி நிரல் உருவாக்கிய 'வில்லேஜ்மாஸ்டர்', வி, எம் இரண்டும் கேப்பிட்டல், அண்டர்ஸ்கோர் இல்லை. டாட்நெட்டின் ஓஆர்எம்மான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோர் டேபிளுக்கு டிபிசெட் ப்ராப்பர்ட்டியின் பெயரை எடுத்து, மேற்கோள் குறிக்குள் அப்படியே உருவாக்கும். மேற்கோள் குறி இல்லாத பெயர்களை போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக மடக்கிவிடும், குறிக்குள் இருந்தால் எழுத்து மாறாது. ரெயில்ஸும் ஜாங்கோவும் எல்லாப் பெயருக்கும் மேற்கோள் குறி போட்டே எஸ்கியூஎல் அனுப்புவதால் அவற்றில் பெயரை எழுதியதும் வேலை முடிந்தது. ஹைபர்னேட் இயல்பாகக் குறி போடாது. அனோட்டேஷனில் வில்லேஜ்மாஸ்டர் என்று சரியாக எழுதியும் சர்வீஸ் ஏறும்போதே 'வில்லேஜ்_மாஸ்டர்' என்ற டேபிளைக் காணோம் என்று நின்றது.

நின்றது என்பது நல்ல விஷயம். டிடிஎல் ஆட்டோ என்ற செட்டிங்கை வேலிடேட், அதாவது சரிபார்க்க மட்டும் செய், என்று வைத்திருந்ததால் நின்றது. அதையே அப்டேட் என்று வைத்திருந்தால் ஹைபர்னேட் தனக்குத் தோன்றிய பெயரில் காலி டேபிள் ஒன்றை உருவாக்கி, கிராமம் எதுவும் இல்லை என்று பூஜ்யம் வரிகளைக் கொடுத்துக்கொண்டு நலமாக ஓடியிருக்கும். ஏற்கனவே இருக்கும் டேட்டாபேஸ் மேல் ஸ்பிரிங் வைக்கும் யாரும் முதல் நாளே வேலிடேட் போட்டுவிடுங்கள், இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை.

உத்தி கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து டேபிள் பெயருக்கான மெத்தடை மட்டும் ஓவர்ரைடு செய்யலாம். ஆனால் இந்த டேபிளின் காலங்களும் கேப்பிட்டல் கலந்தவை, ஒவ்வொன்றுக்கும் குறி போட்டு, காலம் மெத்தடையும் மாற்றி, அதனால் மற்ற எல்லா கிளாஸிலும் காலம் பெயர் எழுதி என்று அது நீண்டுகொண்டே போகும். ஆகவே போஸ்ட்கிரெஸிலேயே 'வில்லேஜ்_மாஸ்டர்' என்று ஒரு வியூ, அதாவது டேபிள் போலப் படிக்கக்கூடிய சேமித்த கேள்வி, போட்டு, உள்ளே காலங்களுக்குச் சின்ன எழுத்தில் மாற்றுப் பெயர் கொடுத்தேன். வேலிடேட் வியூவையும் ஏற்றுக்கொள்கிறது. படிக்க மட்டுமே என்றால் இதைவிடச் சுத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

யூசர் கிளாஸும் ஒரு தனிப் பாடம். ஸ்பிரிங் பன்மையாக்காது என்பதால் யூசர் என்ற கிளாஸுக்கு 'யூசர்' என்றே தேடும். போஸ்ட்கிரெஸில் அது ஒதுக்கப்பட்ட சொல். போஸ்ட்கிரெஸின் கமாண்ட் கருவியான பிஎஸ்கியூஎல்லில் 'செலக்ட் ஸ்டார் ஃப்ரம் யூசர்' என்று அடித்துப் பாருங்கள், எரர் வராது, இப்போது லாகின் ஆகியிருக்கும் டேட்டாபேஸ் யூசரின் பெயர் ஒரே வரியாக வரும். டேபிள் இருக்கிறது, ஒரு ஆள்தான் இருக்கிறார் என்று நம்பிவிடலாம். ரெயில்ஸ் எஸ் சேர்ப்பதாலும், ஜாங்கோ முன்னால் ஆத் என்ற ஆப் பெயரை ஒட்டுவதாலும் இந்த மோதல் அவற்றில் வருவதே இல்லை. யூசர், ஆர்டர், குரூப் எல்லாமே இந்த வகைதான்.

கேப்பிட்டல் எழுத்துகள் அடுத்தடுத்து வரும் பெயர்களில் லைப்ரரிகள் எப்படிப் பிரிகின்றன என்பதைப் பார்க்க எஃப்எம்பி கிளாஸ் நல்ல உதாரணம். புலப்பட வரைபடத்துக்கான கிளாஸ், 'எஃப்எம்பிஸ்கெட்ச்', முதல் நான்கு எழுத்தும் கேப்பிட்டல். ரெயில்ஸ் இதை 'எஃப்எம்பி_ஸ்கெட்சஸ்' ஆக்குகிறது, தொடர் கேப்பிட்டலின் முடிவைச் சரியாகக் கண்டுபிடிக்கும். ஸ்பிரிங்கின் உத்தி, சின்ன எழுத்தைத் தொடர்ந்து கேப்பிட்டல் வந்து அதன் பின் மறுபடி சின்ன எழுத்து வந்தால்தான் அண்டர்ஸ்கோர் போடும், இங்கே அப்படி இடமே இல்லை, ஆகவே 'எஃப்எம்பிஸ்கெட்ச்' என்று ஒரே சொல். ஜாங்கோவுக்கு 'நிலம்_எஃப்எம்பிஸ்கெட்ச்'. ஆர்வத்தில் பிஎச்பியின் லாராவெலிலும் போட்டுப் பார்த்தேன், அது ஒவ்வொரு கேப்பிட்டலுக்கு முன்னும் வெட்டுவதால் 'எஃப்_எம்_பி_ஸ்கெட்சஸ்'. ஒரே கிளாஸ், நான்கு லைப்ரரி, நான்கு டேபிள்.

வேலை நடக்கும்போது ஒருவர் கேட்டார், டேபிள் பெயரைத் தமிழிலேயே வைத்தால் இந்தக் கேப்பிட்டல் பிரச்சினையே இல்லையே என்று. உண்மைதான், போஸ்ட்கிரெஸ் மேற்கோள் குறி இல்லாமலே தமிழ்ப் பெயரை ஏற்கும், பைத்தான் 3 தமிழில் கிளாஸ் பெயரும் வைக்க விடும். ஆனால் போஸ்ட்கிரெஸில் பெயரின் நீளம் 63 பைட் வரைதான், யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட், புள்ளியும் கால்வாங்கியும் தனித்தனிக் குறி. பட்டா என்பதற்கே 15 பைட் ஆகிவிடும், 21 குறிகளோடு பெயர் முடிந்துவிடும், நீளமான பெயரை அது வெட்டியும் விடும். இணைப்பு டேபிள்களுக்கு அது போதாது.

இப்போது மூன்று ஆப்களும் டெப்ளாய் ஆகும் முன் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ரெயில்ஸில் எல்லா மாடலையும் லோடு செய்து டேபிள் பெயர்களையும், ஜாங்கோவில் எல்லா மாடலின் டிபி_டேபிளையும் எடுத்து, போஸ்ட்கிரெஸில் அப்படி ஒரு டேபிளோ வியூவோ உண்மையில் இருக்கிறதா என்று பார்க்கும். ஸ்பிரிங்குக்கு வேலிடேட்டே அந்த வேலையைச் செய்கிறது. கூடவே ரெக்கார்டு_டைப் காலத்தில் இருக்கும் கிளாஸ் பெயர்களைத் தனித்தனியாக எடுத்து, அவை ஒவ்வொன்றும் ரெயில்ஸ் கோடில் இன்னும் இருக்கின்றனவா என்றும் பார்க்கிறது.

அடுத்ததாக அ-பதிவேட்டுக்கு ஒரு டேபிள் சேர்க்க வேண்டியிருந்தது. கிளாஸ் பெயர் ஏரெஜிஸ்டர், ஏயும் ஆரும் கேப்பிட்டல். ரெயில்ஸ் விட்டால் 'ஏ_ரெஜிஸ்டர்ஸ்', ஸ்பிரிங் விட்டால் 'ஏரெஜிஸ்டர்', ஜாங்கோ விட்டால் 'நிலம்_ஏரெஜிஸ்டர்'. டேபிளை மைக்ரேஷனில் 'ஏ_ரெஜிஸ்டர்ஸ்' என்று பெயர் எழுதி உருவாக்கி, அதே பெயரை மூன்று கிளாஸிலும் அன்றே எழுதிவிட்டுத்தான் முதல் வரி டேட்டாவை ஏற்றினோம்.